படுத்துக்கிடக்கும் போர் மோட்டார்

சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் தருவதை நிறுத்திவிட்டது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தொட்டியில் சொட்டு விழவில்லை. வந்த மெக்கானிக் குழாயைத் தொடக்கூட இல்லை. நேராகப் பேனலில் இருந்த ஆம்பியர் மீட்டரைப் பார்த்தார். "ஆம்ப்ஸ் இறங்கிப் போச்சு சார். மோட்டார் சும்மா சுத்துது. பம்பு தண்ணியப் புடிக்கல" என்றார். குழாய்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, அடியில் தொங்கிய நீள உருளையைக் கழற்றி, திருத்தணிக் கடைத்தெருவில் இருக்கும் ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப்போனோம்.

வாசலில் சாக்கை விரித்துப் பம்பைப் பிரித்தார். அடுக்கு டிபன் கேரியரைக் கழற்றுவது போலத்தான். ஒரு பௌல், அதற்குள் ஒரு இம்பெல்லர், மறுபடி ஒரு பௌல், ஒரு இம்பெல்லர் என்று பன்னிரண்டு ஸ்டேஜ் சாக்கு மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தது. ஒரு இம்பெல்லரை அதன் பௌலுக்குள் வைத்து விரலால் ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது. "புதுசா இருந்தா இந்தச் சந்துல நகம் நுழையாது. மணல் தின்னுடுச்சி."

அவர் ஆட்டிக் காட்டிய அந்தச் சந்துதான் இந்த அத்தியாயத்தின் நாயகன். சாக்கு மேல் கிடக்கும் பம்பைக் கிடையாகப் படுக்க வையுங்கள். பன்னிரண்டு ஸ்டேஜை ஒன்றாகவோ இரண்டாகவோ குறையுங்கள். வாயை அகலமாக விரித்து, மின் மோட்டாருக்குப் பதில் ஒரு பழைய கார் இன்ஜினைக் கோத்து, மொத்தத்தையும் ஓர் அலுமினியத் தொட்டிக்குள் இறக்குங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் படகு தயார்.

படகைப் பற்றிப் பேசத் திருத்தணி பொருத்தமில்லாத ஊர் என்று தோன்றலாம். ஆடிக் கிருத்திகையின்போது மூன்று நாள் சரவணப் பொய்கையில் மிதக்கும் தெப்பத்தை விட்டால், இங்கே மிதக்கும் கலம் வேறு கிடையாது. ஊரை ஒட்டி ஓடும் நந்தி ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஆனாலும் அது ஆறுதான். நந்தியும் நகரியும் கொசஸ்தலை ஆற்றில் சேர்கின்றன, கொசஸ்தலை பூண்டி ஏரிக்குப் போய் அங்கிருந்து எண்ணூர் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆழமில்லாத ஆறுதான் ஜெட் படகின் தாய்வீடு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மெக்கன்சி என்றொரு வறண்ட மேட்டுநிலம் இருக்கிறது. பனிமலையிலிருந்து இறங்கும் ஆறுகள் அங்கே சடை பின்னியது போலப் பல கிளைகளாகப் பிரிந்து கூழாங்கல் மேல் பரந்து ஓடும். அகலம் நிறைய உண்டு, ஆழம்தான் கிடையாது. அந்தப் பகுதியில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணையை வைத்திருந்தவர் பில் ஹாமில்டன். பண்ணைக்குள்ளேயே பட்டறை போட்டு இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த மனிதர். அந்த ஆறுகளில் எதிரேறிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாதாரண மோட்டார் படகில் அது நடக்காது. படகுக்கு அடியில் சுழலும் விசிறி முதல் கல்லிலேயே உடைந்துவிடும்.

தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகு ஓட்டுவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சே 1787இலேயே நீராவி இன்ஜினால் பம்பை இயக்கி பொட்டோமாக் ஆற்றில் ஓட்டிக் காட்டிவிட்டார். அப்புறம் 150 ஆண்டுக்கு மேல் அந்த யோசனை அரைத்தூக்கத்திலேயே கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் ஹாமில்டன் அதை எழுப்பினார். முதல் படகில் தண்ணீர் பீய்ச்சும் மூக்கு படகின் அடியில், நீருக்குள் தொங்கியது. வேகம் மணிக்கு 11 மைல்தான் வந்தது. மூக்கைப் பின்பலகை வழியாக, நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி மாற்றினார். அதே இன்ஜினில் வேகம் 17 மைலுக்குத் தாவியது.

இங்கே நிறையப் பேர் இடறுகிறார்கள். பீய்ச்சிய தண்ணீர் பின்னால் இருக்கும் தண்ணீரை உந்துவதால்தான் படகு நகர்கிறது என்று நினைத்திருந்தால், மூக்கை வெளியே எடுத்ததும் படகு நின்றிருக்க வேண்டும். மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் கைநழுவிப் போய் பாம்பாகத் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றை உதைத்துத் துள்ளவில்லை. தண்ணீரை முன்னால் எறிகிறது, எறிந்ததற்கு எதிர்வினையாகத் தான் பின்னால் போகிறது. ஜெட் படகிலும் தள்ளுதல் பம்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே வந்த தண்ணீர் எங்கே விழுந்தாலும் கவலையில்லை. மூக்கு நீருக்குள் இருந்தபோது அது தள்ளுவதற்கு உதவவில்லை, இழுபடும் சுமையாகத்தான் இருந்தது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். படகு விநாடிக்கு 11 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது. பம்பு விநாடிக்கு 150 லிட்டரை உறிஞ்சி 22 மீட்டர் வேகத்தில் எறிகிறது. ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதலாகக் கிடைக்கும் வேகம் 11 மீட்டர். 150ஐ 11ஆல் பெருக்கினால் 1,650 நியூட்டன். இரண்டு, மூன்று ஆள் எடைக்குச் சமமான தள்ளுவிசை இது. 150 லிட்டர் என்பதன் கனத்தை உணர வேண்டுமானால் மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏழு விநாடிக்குள் காலியாகிவிடும்.

எங்கள் போர் மோட்டாரும் இதுவும் ஒரே குடும்பம்தான், தொழில் மட்டும் வேறு. 5 குதிரைசக்தி போர் மோட்டார் சுமாராக விநாடிக்கு இரண்டு லிட்டரை 90 மீட்டர் உயரம் தூக்கும். அதற்கு உயரம் முக்கியம், அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை ஸ்டேஜ். ஜெட்டுக்கு அளவு முக்கியம். விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பாயும் நீரை நேர்மேலே திருப்பிவிட்டால் 25 மீட்டர் வரைதான் ஏறும், எட்டு மாடி உயரம். அதற்கு ஒரு ஸ்டேஜ் போதும்.

இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. நிறையத் தண்ணீரை மெதுவாக எறிவது லாபம், கொஞ்சம் தண்ணீரை வேகமாக எறிவது நஷ்டம். மேலே சொன்ன கணக்கில் பம்பு தண்ணீருக்குக் கொடுத்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு படகை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி பின்னால் கொந்தளிப்பாகப் போகிறது. அதே படகு மணிக்கு 8 கிலோமீட்டரில் மெல்லப் போனால், பயன்படும் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும். ஜெட் படகு நடக்கத் தெரியாத ஓட்டக்காரன். ஓடவிட்டால் தண்ணீர்மேல் எழும்பி, ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவான இடத்தில்கூட வழுக்கிக்கொண்டு போய்விடும். நடக்கவிட்டால் பெட்ரோலைக் குடிக்கும்.

ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. சுக்கான் கிடையாது, மூக்கைத் திருப்பினால்தான் படகு திரும்பும். பாறையைக் கண்டு பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், பீய்ச்சலும் நிற்கும், திருப்பும் சக்தியும் போகும், படகு நேராகப் பாறைக்கே போகும். சாலையில் நாம் பழகிய அனிச்சைச் செயலுக்கு நேர் எதிரானது இது. பின்னால் போவதற்கும் கியர் இல்லை. மூக்கின்மேல் ஒரு வாளி மாதிரியான மூடி இறங்கி, பீய்ச்சலை முன்பக்கம் வளைத்துவிடும். இன்ஜின் எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஹாமில்டனின் படகுகள் 1960இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் கொலராடோ ஆற்றை எதிரேறிக் கடந்தன. அதுவரை யாரும் செய்யாத காரியம். (அந்த ஆண்டு ஏப்ரலில்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஊர்ப்பாசத்தில் சொல்லிவைக்கிறேன்.) நமக்கு இன்னும் நெருக்கமான பயணம் 1977இல் நடந்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளோடு வங்கக் கடலிலிருந்து கங்கையில் நுழைந்து இமயமலையை நோக்கிப் புறப்பட்டார். படகுகளின் பெயர் கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஹாமில்டனின் மகன் ஜானும் அதில் போனார். சமவெளியைத் தாண்டி, ரிஷிகேஷுக்கு மேலே வெள்ளைநுரைப் பெருக்கில் ஏறி, நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி குறுக்கே வந்து நிற்கும்வரை அந்தப் படகுகள் போயின. மீதியைக் காலால் நடந்தார்கள்.

பம்பைப் பற்றி இது போதும். இனித் தொட்டி.

ஓரளவு வயதானவர்கள் சதுரமான ஐந்து பைசா காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். இலை மாதிரி எடையே இருக்காது. அது அலுமினியத்தோடு கொஞ்சம் மக்னீசியம் கலந்த உலோகம். படகுத் தகடும் அதே குலம்தான். 5052, 5083 என்று எண்ணிட்டு விற்கப்படும் கடல்தரத் தகடுகளில் இரண்டரை முதல் ஐந்து சதவீதம் வரை மக்னீசியம் இருக்கிறது.

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படியானால் லாபம் எங்கே? தகடு வளையாமல் நிற்பது தடிமனின் கன மடங்கைப் பொறுத்தது. தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகிறது. எனவே இரும்புத் தகட்டைவிட நாற்பது சதவீதம் தடிமனான அலுமினியத் தகடு எடுத்தாலே விறைப்பு சமமாகிவிடும், எடையோ பாதிதான் வரும். ஆற்றில் கல்மேல் மோதினால் கண்ணாடியிழைப் படகு விரிசல் விடும், அலுமினியம் நசுங்கும். நசுங்கியதை மரக்கட்டையும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுத்துவிடலாம். குண்டான் நசுங்கினால் நாம் என்ன செய்கிறோமோ அதேதான்.

அலுமினியக் குண்டான் இந்தியாவில் பரவியதற்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். அப்போது அலுமினியம் உலகத்துக்கே புதுசு. மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் முறை வந்து பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பித்தளை, செம்புப் பாத்திரம் அடித்துப் பழகிய கைகளுக்குப் புதிய உலோகத்தைக் கொடுத்தார். வியாபாரம் சூடுபிடித்ததும், 1903இல் அது தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. சாட்டர்டன் அதோடு நிற்கவில்லை. சென்னை மாகாணத்துக் கிணறுகளில் கவலை இறைத்த மாடுகளுக்குப் பதிலாக எண்ணெய் இன்ஜினையும் மையவிலக்குப் பம்பையும் வைக்கலாம் என்று ஊர் ஊராகச் செய்து காட்டியவரும் அவரேதான். ஜெட் படகின் இரண்டு பாதிகளான அலுமினியச் சட்டியையும் இன்ஜினால் ஓடும் பம்பையும் இந்த மாகாணத்தில் நிலைநாட்டியது ஒரே ஆள். இரண்டையும் சேர்த்துப் படகாக்கும் யோசனை அவருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் ஓட்டுவதற்கு ஆற்றில் தண்ணீர் வேண்டுமே.

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைக்காதே என்று வீட்டில் சொல்வார்கள். வேதியியல் அதில்தான் இருக்கிறது. அலுமினியம் உண்மையில் ஆவேசமான உலோகம், ஆக்சிஜனோடு உடனே சேர்ந்துவிடும். சேர்ந்த கணமே மேலே மெல்லிய ஆக்சைடு தோல் படிந்து, உள்ளே இருப்பதைக் காத்துவிடுகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீறினால் உடனே மறுபடி வளரும். புளி அந்தத் தோலைக் கரைக்கும். சுண்ணாம்பும் கரைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பை அலுமினியக் கிண்ணத்தில் போட்டு வைத்தவர்கள் கிண்ணத்தை இழந்திருப்பார்கள். உப்புநீர் கரைப்பதில்லை, ஊசி குத்துவது போல அங்கங்கே துளைக்கும்.

இப்போது ஒரு பழைய படகைப் பிரிக்கலாம். நியூசிலாந்திலும், அமெரிக்காவின் ஒரேகான், ஐடஹோ, அலாஸ்கா பக்கங்களிலும் முப்பது, நாற்பது வயதான அலுமினிய ஜெட் மீன்பிடிப் படகை வாங்கி வந்து வீட்டுக் கொட்டகையில் போட்டுப் புதுப்பிப்பவர்கள் நிறைய. வெளியிலிருந்து பார்த்தால் படகு நன்றாகத்தான் இருக்கும். தகடு மங்கலாக, அங்கங்கே நசுங்கலோடு, ஆனால் முழுசாக. நோய் தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது.

பலகையைப் பெயர்த்தால் கீழே மஞ்சள் நிற ஃபோம். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க அடைத்தது. ஃபோம் தண்ணீர் குடிக்காது என்று நம்பி அடைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் அது பஞ்சாகிவிடும். ரம்பத்தால் அறுத்து எடுத்த ஒரு துண்டைப் பிழிந்தால் பழைய ஆற்றுத் தண்ணீர் வடியும். நூறு லிட்டர் குடித்திருந்தால் நூறு கிலோ கூடுதல் சுமை. படகு மேலெழ மறுக்கிறது, இன்ஜினுக்கு வயசாகிவிட்டது என்று உடைமையாளர் புலம்பிக்கொண்டிருந்திருப்பார். பாவம் இன்ஜின் என்ன செய்யும், ஓர் ஆளை எப்போதும் தோளில் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறது.

எடையைவிட மோசம், ஃபோமை எடுத்த இடத்தில் தெரியும் வெள்ளைப் பொடி. ஈர ஃபோம் தகட்டோடு ஒட்டிக் கிடந்த இடத்தில் காற்று போகவில்லை. ஆக்சிஜன் இல்லாவிட்டால் காக்கும் தோல் மறுபடி வளராது. அந்தப் பொடியைச் சுரண்டினால் கீழே அம்மைத்தழும்பு போலக் குழிகள், சிலது தகட்டின் மறுபக்கம் வரை. நீரில் மிதந்த வெளிப்பக்கம் முழுசாக இருக்க, நனையாமல் காப்பாற்ற நினைத்த உள்பக்கம் அரிக்கப்பட்டிருக்கும். பழைய படகுகளில் அடிக்கடி காணும் வேடிக்கை இது.

இன்னொரு எதிரி செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே ஈரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிறது. அதில் கரைவது எப்போதும் அலுமினியம். படகின் அடிக்குழியில் விழுந்த ஒரு செப்புக் காசு, வயரிங் செய்யும்போது நறுக்கி விழுந்த ஓர் அங்குலச் செம்புக் கம்பி, இவை போதும், தன் வடிவத்திலேயே ஓட்டை போட்டுவிடும். கரையான் வராமல் இருக்கச் செப்பு உப்பு ஏற்றிய பலகையைப் பின்பலகைக்குள் வைத்துத் தகடு மூடியவர்களும் இதே பாடத்தைத் தாமதமாகப் படித்தார்கள். மரம் அழுகாமல் இருந்தது, தகடு போய்விட்டது. பரிகாரமாகப் படகின் வெளியே துத்தநாகக் கட்டி ஒன்றைத் திருகி வைப்பார்கள். அலுமினியத்தைவிடச் சீக்கிரம் கரைவதற்கென்றே வைத்த பலிகடா. நன்னீர் ஆறாக இருந்தால் துத்தநாகம் மந்தமாகிவிடும், மக்னீசியம் வேண்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. படகைத் தண்ணீரில் இறக்கி உள்ளே ஒழுகுகிறதா என்று பார்க்காமல், டிரெய்லரில் வைத்தபடியே படகுக்குள் தண்ணீர் ஊற்றி, அடியில் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எந்த இணைப்பிலிருந்து சொட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம். ஆசைப்பட்டு நிறைய ஊற்றிவிடக் கூடாது. ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத் தரையில் வெறும் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் முக்கால் டன். அடியில் படுத்திருப்பது நீங்கள்.

அடைப்பதற்கு ஆர்கான் வெல்டிங்தான். கேட் செய்யும் பட்டறையின் சாதாரண ஆர்க் ராடு இங்கே உதவாது. காரணம் மறுபடி அதே ஆக்சைடு தோல். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தோலோ 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். உள்ளே பாகாகிவிட்ட உலோகத்தை உருகாத தோல் பைபோலப் பிடித்துக்கொண்டிருக்கும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் நின்று, திடீரென்று பொத்தென்று கீழே விழும். புதிதாகக் கற்பவர் ஒவ்வொருவரும் ஒரு தகட்டையாவது இப்படிப் பறிகொடுத்திருப்பார். இதற்காகவே மாறுதிசை மின்னோட்டம் கொடுக்கிறார்கள். ஒரு பாதிச் சுற்றில் மின்பொறி தோலைப் பிய்த்தெறிகிறது, மறு பாதியில் உலோகத்தை உருக்குகிறது. விநாடிக்குப் பலமுறை உரித்தும் உருக்கியும் குளம் கட்டுகிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு, தோல் மறுபடி வளராமல் காவல். தேய்க்கும் பிரஷ் எவர்சில்வராக இருக்க வேண்டும், அதுவும் இரும்பைத் தேய்க்காத பிரஷ். ஓர் இரும்புத் துகள் பதிந்தாலும் பின்னாளில் அங்கே குழி விழும்.

விரிசல் கண்டால் உடனே பற்றவைக்கப் போவது அவசரக்குடுக்கை வேலை. முதலில் விரிசலின் நுனியில் சின்னதாக ஒரு துளை போட வேண்டும். கூர்மையான நுனியில்தான் இழுவிசை குவிந்து விரிசல் ஓடுகிறது, வட்டத் துளையில் அது பரவி அடங்கிவிடும். இரும்புக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படியொரு எல்லை கிடையாது. சின்னச் சின்ன அதிர்வையும் அது மறக்காமல் கணக்கு வைத்துக்கொள்கிறது.

இன்ஜின் பகுதியை வேகமாகத் தாண்டுகிறேன், அது கார் மெக்கானிக் விஷயம். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிக்குழியில் போய்த் தேங்கும். கேஸ் கசிந்த சமையலறையில் சுவிட்சைத் தொடாதே என்கிறோமே, அதே காரணத்தால் சாவியைத் திருப்பும் முன்பு விசிறி போட்டு அந்தக் குழியைக் காலி செய்ய வேண்டும்.

கடைசியாகப் பம்பு, அதாவது சாக்கு மேல் கிடந்த நம் பழைய நண்பன். இம்பெல்லரின் விளிம்புக்கும் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சந்துதான் இருக்க வேண்டும். ஆழமில்லாத ஆற்றில் ஓடும் ஜெட் மணலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சந்து அகன்றால் தள்ளிய தண்ணீர் விளிம்பைச் சுற்றிப் பின்னாலேயே வழிந்துவிடும். இன்ஜின் கத்தும், சுழற்சி எகிறும், படகு நகராது. எங்கள் வீட்டில் ஆம்பியர் இறங்கியதும் இதே நோய்க்குறிதான், பம்பு சுமையை வாங்கவில்லை. வைத்தியமும் ஒன்றே. வளையத்தை மாற்று, அல்லது தேய்ந்த இறக்கை நுனியில் உலோகம் ஏற்றி லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவா. அடுத்து த்ரஸ்ட் பேரிங். போர் மோட்டாரில் அது கீழே உட்கார்ந்து இம்பெல்லர்களின் அழுத்தத்தை வாங்குகிறது. படகில் முன்னால் உட்கார்ந்து, படகையே தள்ளும் முழு விசையையும் தன் வழியாகக் கடத்துகிறது. சாக்கு விரித்து உட்கார்ந்த அந்த மெக்கானிக்கிடம் ஹாமில்டன் ஜெட்டைக் கொடுத்திருந்தால், பெயர் கேட்காமலே பிரித்திருப்பார்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று வரும். இத்தனை தெரிந்த ஊரில் ஜெட் மீன்பிடிப் படகு ஏன் இல்லை? திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில் பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஓர் ஆள் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஜெட்டுக்காகவே செய்த இடம் போலத் தெரியும். ஆனால் அங்கே மீன்பிடிப்பவர் மெல்லப் போய், நின்று, வலை விட்டு, மெல்லத் திரும்புபவர். ஜெட் எரிபொருளை வீணடிப்பது அந்த வேகத்தில்தான். நரம்பு வலைத் துண்டும் பிளாஸ்டிக்கும் பாசியும் மிதக்கும் நீரில் உறிஞ்சும் வாய் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் இதற்குச் சுலபமான விடை எப்போதோ வந்துவிட்டது. கண்ணாடியிழைப் படகின் பின்னால் நீளத் தண்டோடு ஓர் இன்ஜின், ஆழம் குறைந்தால் தண்டை விசிறியோடு தூக்கிவிடலாம். அழகில்லை, அபாரமான புத்திசாலித்தனம். ஹாமில்டன் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

வேகமே தொழிலாக உள்ளவர்களிடம்தான் ஜெட் போய்ச் சேர்ந்தது. 2009 பிப்ரவரியில் சென்னையில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். கார் நிகோபார் ரோந்துக் கப்பலில் விசிறியே கிடையாது, ஹாமில்டன் நிறுவனத்தின் மூன்று நீர்ஜெட்டுகள்தான். கடலோரக் காவல்படைக்கு எல்&டி கட்டிக்கொடுத்த இடைமறிப்புப் படகுகள் இன்னும் பொருத்தமான உதாரணம். அலுமினிய உடல், நீர்ஜெட், 28 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், 45 நாட், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். அந்த நிறுவனத்தின் கப்பல்கட்டும் தளங்களில் ஒன்று இருப்பது காட்டுப்பள்ளியில், எண்ணூருக்கு வடக்கே. நந்தி ஆற்றில் மழைத்தண்ணீர் வந்தால் கொசஸ்தலை, பூண்டி வழியாகக் கடலில் சேரும் என்றேனே, அந்த முகத்துக்குப் பக்கத்தில்.

எங்கள் பம்புக்குப் புதிய இம்பெல்லர்கள் போட்டு, மறுநாள் காலை இறக்கினார்கள். சுவிட்ச் போட்டதும் ஆம்பியர் முள் எழுந்து நின்றது. குழாய் கொஞ்சம் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்தது. மெக்கானிக் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து ஒரு கை ஏந்தினார். தண்ணீரை வடியவிட்டு, உள்ளங்கையில் தங்கியதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மணல் வருது சார்," என்றார். "ரெண்டு வருஷம் ஓடும். அப்புறம் கூப்பிடுங்க."